முதல் பத்து ஃப்ளை: ஆட்டு வாலும் சேவல் இறகும் வைத்துக் கட்டிப் பழகுவது

ஃப்ளை, அதாவது இறகும் மயிரும் வைத்துச் செய்கிற தூண்டில் இரை, கட்டிப் பழகலாம் என்று ஆசை வந்ததும் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை ஆன்லைனில் ஒரு கிட் பெட்டியை வாங்குவதுதான். நானும் வாங்கினேன். திறந்து பார்த்தால் நீலகிரி, மூணாறு மாதிரி குளிர்ந்த மலை ஓடைகளில் டிரவுட் பிடிப்பதற்கான பொடிப்பொடி முட்களும், பூச்சி செய்வதற்கான சாம்பல் நிறத் தூவிகளும்தான் இருந்தன. அதில் இரண்டு முட்களை மண்டபம் கடலில் நனைத்து அப்படியே பெட்டியில் திரும்பப் போட்டேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது பக்கத்தில் கிடந்தவற்றுக்கும் சேர்த்துத் துரு ஏறியிருந்தது. அதனால் நம் இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு இதைத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பெட்டி வாங்காதீர்கள். கறிக்கடை, கோழிக்கடை, தையல் சாமான் கடை, தூண்டில் முள் விற்கிற கடை, இந்த நான்கும் நம் ஊரிலேயே இருக்கின்றன. அதுவே போதும்.

ஃப்ளை என்பது வேறொன்றுமில்லை, முள்ளில் இறகையும் மயிரையும் நூலால் இறுக்கிக் கட்டி, தண்ணீரில் இழுக்கும்போது மீனுக்கு இரை போலத் தெரியும்படி செய்வது. ஆற்றில் ஈயும் பூச்சியும் மேலே மிதந்து வருவதைப் பார்த்துச் செய்யத் தொடங்கியதால் ஆங்கிலத்தில் ஈ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரோமில் வாழ்ந்த ஏலியன் என்பவர் சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே, மாசிடோனியாவில் மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளை அதோடு வைத்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். முள், நூல், சேவல் இறகு. இன்றைக்கும் அடிப்படைச் சாமான் இந்த மூன்றுதான். நம் கடலில் மட்டும் ஈக்குப் பதில் நெத்திலி, சூடை, இறால்.

கட்ட உட்காருவதற்கு முன்னால் ஒரு வாரம் பார்க்க மட்டும் செய்யுங்கள். காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய், வலையில் வந்த பொடிமீன்களில் எது அதிகம், எவ்வளவு நீளம், முதுகு என்ன நிறம் என்று கவனியுங்கள். கூடையில் செத்துக் கிடக்கிற நெத்திலி வெள்ளி வார் மாதிரி இருக்கும், ஆனால் உயிரோடு தண்ணீரில் போகும்போது உடம்பு பாதி கண்ணாடி, பக்கவாட்டில் ஒரே ஒரு வெள்ளிக் கோடு, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டையும் கண்ணையும்தான் நாம் கட்டப் போகிறோம். இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டில் ஊளியோ பாரையோ வாங்கினால் குடலைத் தூக்கிப் போடுவதற்கு முன் இரைப்பையைக் கிழித்துப் பாருங்கள். (ஊளி என்று நான் சொல்வது நீண்ட தாடையும் கூரான பல்லும் உள்ள மீனை. சில ஊர்களில் அதைச் சீலா என்பார்கள், சில ஊர்களில் சீலா என்றால் நெய்மீன், ஆகவே பெயரை வைத்துச் சண்டை வேண்டாம்.) அந்த மீன் கடைசியாக எதைத் தின்றது, எந்த அளவில் தின்றது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல யாராலும் முடியாது. என் வீட்டில் மீன் அரிவதே இப்போது என் வேலை ஆகிவிட்டது, அம்மாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

சரி, சாமான்களுக்கு வருவோம். முள்ளைப் பிடித்துக்கொள்ள வைஸ் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கும் வைஸ் கிரிப், அதாவது அழுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்கிற பிளையர், அதை ஒரு பலகையில் கம்பி போட்டு அசையாமல் கட்டிவிட்டால் முதல் ஆறு மாதத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை. நகைப்பட்டறையில் வைத்திருக்கும் சின்னக் கைவைஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. நூலைத் தொங்கவிடும் பாபின் ஹோல்டர் இல்லையென்றால், கை எடுக்கிற நேரத்தில் நூலில் ஒரு துணி கிளிப்பை மாட்டித் தொங்கவிடுங்கள், அந்த எடையிலேயே கட்டு தளராமல் நிற்கும். கத்தரிக்கோல் மட்டும் சிறியதாக, முனை கூராக, புதிதாக வாங்குங்கள். அதில் தங்கூசியையோ (நைலான் தூண்டில் நரம்பு) கம்பியையோ ஒருநாளும் வெட்டாதீர்கள்.

முள் வாங்கும்போது தண்டு கொஞ்சம் நீளமாக, காது (நரம்பு கட்டுகிற வளையம்) வளையாமல் நேராக இருப்பதைக் கேளுங்கள். எண்ணைப் பொறுத்தவரை 2, 1, 1/0 இந்த மூன்றில் ஒன்று. புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள்: 1, 2, 4 என்று எண் ஏற ஏற முள் சிறியதாகும், ஆனால் 1/0, 2/0 என்று போனால் பெரியதாகும். ஸ்டெயின்லெஸ் ஆகவோ, வெள்ளீயப் பூச்சு உள்ளதாகவோ இருக்கட்டும். முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக வைத்து இழுத்தால் வழுக்காமல் கொத்தி நிற்க வேண்டும், வழுக்கினால் அது மழுங்கிய முள். இன்னொன்று, கட்டுவதற்கு முன்பே எதிர்முள்ளை, அதாவது முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்ளை, பிளையரால் நசுக்கிவிடுங்கள். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் மீன் தப்பாது, உங்கள் விரலில் ஏறினால் வந்த வழியே எடுத்துவிடலாம், சின்ன மீனை உயிரோடு விடவும் அதுதான் வசதி.

வெளிநாட்டில் இதற்கு மான் வால் மயிர் பயன்படுத்துவார்கள். நமக்கு ஆட்டு வால் இருக்கிறது. அதிலும் நம் இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கொடி ஆடு இந்த வேலைக்கென்றே பிறந்த மாதிரி: வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு இருந்தால் கரும்போரை, செந்திட்டு இருந்தால் செம்போரை என்பார்கள், ஒரே ஆட்டில் வயிற்றுக்கு வெள்ளை மயிரும் முதுகுக்குக் கருமயிரும் கிடைத்துவிடும். கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வைத்தால் வாலை எடுத்து வைப்பார்கள். பக்ரீத் சமயத்தில் கீழக்கரைப் பக்கம் ஒரு வருடத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் சேர்த்துவிடலாம். நான் கேட்டபோது கடைக்கார பாய், "வால் எதுக்கு தம்பி, சூப்புக்கா?" என்றார். தூண்டிலுக்கு என்றதும் நீளமான மயிர் உள்ளதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வாலைக் கீறி எலும்பையும் கொழுப்பையும் சுரண்டி எடுத்துவிட்டு, தோல் பக்கம் கல்லுப்பைப் பொடித்து அழுத்தித் தேய்த்து, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். அப்புறம் ஷாம்பு போட்டு அலசி மறுபடி காயவிட வேண்டும். அவசரப்பட்டால் நாற்றம் வீட்டை விட்டுப் போகாது.

சேவல் இறகுக்குக் கழுத்தும் முதுகின் பின்பகுதியும் பாருங்கள், ஒடுங்கி நீளமாக இருக்கும் இறகுகள் அங்கேதான் வளரும். பிராய்லரில் இந்த மாதிரி இறகு தேறாது, நாட்டுச் சேவல் வேண்டும். சோப்பு நீரில் அலசி, உலர்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் ஓர் அந்துருண்டையோடு போட்டு வையுங்கள். காட்டுப் பறவை இறகை மட்டும் தொடாதீர்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால் என்று நம் மாவட்டத்திலேயே பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன, கொக்கும் நாரையும் உதிர்த்த இறகு கீழே கிடக்கத்தான் செய்யும், ஆனாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைவிட முக்கியமாக அந்தப் பறவைகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வேண்டும். கோழிக்கடையில் குப்பைக்குப் போகிற இறகே நம் வாழ்நாளுக்குப் போதும்.

மினுக்கத்துக்கு வெள்ளி நிற ஜரிகை நூல். அசல் ஜரிகை உப்பில் கறுத்துவிடும், தையல் கடையில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் ஜரிகைதான் இதற்கு நல்லது. கண்ணுக்கு, வாஷ்பேசின் அடைப்பானில் தொங்குமே அந்த மணிச்சங்கிலி, அதில் இரண்டு மணிகளைச் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள். கட்டும் நூல் மெல்லிய பாலியஸ்டர் தையல் நூல். பிறகு ஒரு ஃபெவிக்விக், நிறமில்லாத நகப்பாலிஷ் ஒன்று.

எந்த ஃப்ளையை முதலில் கட்டுவது? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கிளவ்சர் மின்னோ. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளவ்சர் 1980களில் சஸ்குவஹானா ஆற்று மீனுக்காகக் கட்டியது, பிறகு உலகம் முழுக்கக் கடலுக்கும் போய்விட்டது. கனமான கண்ணைத் தண்டின் மேல்பக்கம் கட்டுவதால் தண்ணீரில் போட்டதும் ஃப்ளை தலைகீழாகப் புரண்டு முள்முனை வானத்தைப் பார்க்கும், பாறையிலும் கடல்புல்லிலும் அவ்வளவாக மாட்டாது. நம் கரையோரம் முழுக்கப் புல்லும் பாரும் (கடலடிப் பாறை) தானே, இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

முள்ளின் வளைவை வைஸில் கவ்வவிடுங்கள், முனை கீழே, தண்டு தரைக்கு இணையாக, காது உங்கள் வலப்பக்கம். (இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.) நூலைத் தண்டின் மேலாக எதிர்ப்பக்கம் கொண்டுபோய், கீழ்வழியாக உங்கள் பக்கம் வரவையுங்கள், முதல் ஐந்தாறு சுற்று நூலின் நுனிமேலேயே ஏறி அதை நசுக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். காதுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி அகலம் காலியாக விட்டுவிடுங்கள். காதிலிருந்து தண்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நூலால் ஒரு சின்ன மேடு எழுப்பி, அதன்மேல் இரண்டு மணியையும் குறுக்காக வைத்து, எட்டு போடுகிற மாதிரி மாறி மாறிப் பத்துப் பன்னிரண்டு சுற்று. பிறகு மணிக்கும் தண்டுக்கும் நடுவில், தட்டையாக நாலு சுற்று இழுத்துச் சுற்றினால் எட்டுக் கட்டு முழுவதும் இறுகும். விரலால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. ஒரு சொட்டு ஃபெவிக்விக். கண் ஆடினால் மீதி எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அந்த ஃப்ளை ஒரு நாள்கூடத் தாங்காது, ஆகவே இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெள்ளை மயிர். வாலிலிருந்து ஒரு கற்றையை நுனியில் பிடித்து அடியோடு வெட்டி, அடிப்பக்கம் பேன்சீப்பால் வாருங்கள், குட்டையான பஞ்சு மயிர் எல்லாம் கழன்று விழும். மீதியை விரலால் நசுக்கினால் தீக்குச்சி பருமன்தான் இருக்க வேண்டும். நீளம், முள்ளைப் போல இரண்டரை மடங்கு. அடியை மணிக்கு முன்னால், காதுக்கு அந்தப் பக்கம் போகாமல், தண்டின் மேல் வைத்துக் கட்டிவிட்டு, மயிரை இரண்டு மணிக்கும் நடுவே படுக்கவைத்து, மணிக்குப் பின்னால் மறுபடி நாலைந்து சுற்று. மான் மயிரில் உள்ளே காற்று இருக்கும், இறுக்கினால் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆட்டு மயிர் அப்படியில்லை, வழுக்கும். அதனால் கட்டுவதற்கு முன் அடியில் ஒரு துளி பசை தொட்டுக்கொள்வது நான் பல ஃப்ளைகள் அவிழ்ந்துபோன பிறகு கற்றுக்கொண்டது.

இப்போது முள்ளைப் புரட்டி முனை மேலே வரும்படி வைஸில் மாட்டுங்கள். மணிக்கு முன்னால் ஜரிகை ஆறு இழை, மயிரைவிட அரை விரல் நீளமாக. அதன்மேல் கருமயிரோ செம்மயிரோ, வெள்ளைக்குப் போட்ட அதே தீக்குச்சி அளவு, அதைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை. இந்த மயிரை மணிக்குப் பின்னால் கட்டக் கூடாது, முன்னால் மட்டும். அது முள்முனையை மறைத்துக்கொண்டு சுதந்திரமாக ஆட வேண்டும். காதுவரை நூலைச் சுற்றித் தலையைக் கூம்பாக்கிவிட்டால் கட்டு முடிந்தது.

நூலை முடிப்பதில்தான் நான் பல நாள் தடுமாறினேன். அதற்கென்று விற்கிற கருவியை எனக்குப் பயன்படுத்தவே வரவில்லை. பாம்பனில் வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தா நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, "கயித்து நுனி பிரியாம எப்படிக் கட்டுறோம், அதேதான் இதுவும், இங்க கொண்டா" என்று வாங்கி, ஒரு துண்டுத் தங்கூசியை மடித்து, மடிப்பு காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தலைமேல் வைத்து, அதற்கு மேலாக நூலை ஆறு சுற்று சுற்றி, நூலை வெட்டி நுனியை மடிப்புக்குள் நுழைத்து, தங்கூசியின் இரண்டு முனையையும் பின்பக்கமாக இழுத்தார். நூல் நுனி சுற்றுக்குள்ளேயே போய்ப் புதைந்துகொண்டது. இன்றுவரை நான் அப்படித்தான் முடிக்கிறேன். அதன்மேல் நகப்பாலிஷ் இரண்டு பூச்சு, முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது.

இப்போது இதே ஃப்ளையை, இதே அளவு முள்ளில், இதே நிறத்தில் இன்னும் ஒன்பது கட்டுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிற விஷயம். ஒன்று கட்டியதும் அடுத்த வகைக்குத் தாவுகிறவர்கள் பத்து வகையும் அரைகுறையாகக் கட்டி, மீன் பிடிக்காமல், மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் பரணில் போட்டுவிடுகிறார்கள். பத்தையும் கட்டிய வரிசையிலேயே ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி வையுங்கள். முதல் மூன்றில் காது நூலால் அடைபட்டிருக்கும், ஏனென்றால் அந்த அரிசி அகலத்தை விட மறந்திருப்பீர்கள். மயிர் துடைப்பம் மாதிரி இருக்கும். தண்ணீரில் துடைப்பம் நீந்தாது, மயிர் குறையக் குறையத்தான் ஃப்ளைக்கு உயிர் வரும். நாலாவதிலிருந்து நூல் அறுந்துபோவது நிற்கும். அதற்கும் ஒரு பயிற்சி இருக்கிறது: வெறும் முள்ளில் நூலைச் சுற்றி வேண்டுமென்றே இழுத்து இழுத்து ஐந்தாறு தடவை அறுத்துப் பாருங்கள், எந்த இடத்தில் அறும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டால் அதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திக் கட்டப் பழகிவிடுவீர்கள்.

காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு முழுதாக நனையவிட்டு இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்து போனால் கண் கோணலாக இருக்கிறது. முள்முனை கீழே திரும்பினால் முதுகு மயிர் அதிகம், அல்லது மணி போதவில்லை. நேராகப் போய், நிறுத்தியதும் தலைகுத்தி இறங்கி, மறுபடி இழுத்ததும் எழும்பினால் அது நெத்திலிதான், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கடலுக்குக் கொண்டுபோகலாம்.

பத்து முடிந்த பிறகு டிசீவருக்குப் போங்கள். அமெரிக்கத் தூண்டில்காரர் லெஃப்டி கிரே 1950களின் கடைசியில் அங்குள்ள செசபீக் விரிகுடாவில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்கிற வரிமீனுக்காகக் கட்டியது. தண்டின் பின்கோடியில் நீளமான சேவல் இறகு ஆறு, பக்கத்துக்கு மூன்றாக, தண்டு முழுக்க ஜரிகை, தலையில் இரண்டு பக்கமும் ஆட்டு மயிர். தலைமயிர் வளைவைத் தாண்டிப் போகிற நீளத்துக்கு இருந்தால் இறகு முள்ளில் போய்ச் சுற்றிக்கொள்ளாது. பெரிய சூடை மாதிரி இருக்கும், பாரைக்கும் ஊளிக்கும் நல்லது.

வீச ஃப்ளை ராடு இல்லையே என்று நிற்க வேண்டாம். ஃப்ளை ராடில் நரம்பின் எடைதான் ஃப்ளையைக் கொண்டுபோகும், நம் கடலுக்கு 8ஆம் எண் ராடு சரியாக இருக்கும், வசதி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை சாதாரண ரீலில், கனமான ஒரு தக்கையைக் கட்டி, அதிலிருந்து ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) தங்கூசி விட்டு முனையில் ஃப்ளையைப் போட்டு வீசலாம். வத்தையிலோ வள்ளத்திலோ போகிறவர்கள் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போகலாம். இழு, நிறுத்து, இழு. மீன் பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் அடிக்கும். ஊளி இருக்கிற இடம் என்றால் ஃப்ளைக்கு முன்னால் ஒரு சாண் மெல்லிய ஸ்டீல் கம்பி போடுங்கள், தங்கூசி மட்டும் இருந்தால் அதன் பல்லுக்கு ஒரு நொடி. வீசும்போது தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், பின்காற்றில் முள் முகத்துக்குத்தான் வரும்.

நமக்கு இரண்டு கடல் இருப்பது பெரிய கொடுப்பினை: தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமர்ந்திருக்கும், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் காலையில் குளம் மாதிரி கிடக்கும். வாடை தொடங்கியதும் அது அப்படியே மாறும். வடகடல் ஆழம் குறைந்த சேற்றுக்கடல், கலங்கல் அதிகம், அங்கே முதுகுக்குக் கறுப்பு மயிரும் கூடுதல் ஜரிகையும் போடுங்கள். தென்கடல் தெளிந்திருக்கும் நாளில் செம்மயிர், ஜரிகை மூன்றே இழை. தீவுப் பக்கம் மட்டும் போகாதீர்கள், பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. கரையிலேயே நமக்கு வேண்டியது இருக்கிறது. கெளிறோ ஓராவோ மாட்டினால் கையால் பிடிக்காமல் பிளையரால் முள்ளைக் கழற்றுங்கள், இரண்டின் துடுப்புமுள்ளிலும் விஷம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளைகளை நல்ல தண்ணீரில் அலசி, காற்றில் தொங்கவிட்டு, மறுநாள் காலையில்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஊளி கடித்துக் குதறியது என்றால் தூக்கிப் போடாதீர்கள், பிளேடால் நூலை அறுத்து எல்லாவற்றையும் உருவிவிட்டால் முள்ளும் மணியும் மிஞ்சும், அரம் வைத்து முனையைத் தீட்டிவிட்டு அதிலேயே மறுபடி கட்டலாம்.